எல்லையோர அடுக்களையின் ஏழு நாட்கள்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின் கரையிலிருந்து களியக்காவிளை வரை அடுத்தடுத்து அமைந்த பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்கள், கேரளத்துக்குள் இருந்தபோதும் பேச்சிலும் உணவிலும் கொள்வினை கொடுப்பினையிலும் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோட்டோடு இன்றளவும் நெருங்கி நிற்பவை. திருவிதாங்கூர் அரசின்கீழ் ஒரே நிலப்பரப்பாக இருந்த இப்பகுதி, 1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாநிலச் சீரமைப்பில் இரண்டாகப் பிரிந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர, திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைப் போராட்டத்தின் வரலாறும், பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தின் வரலாறும் விரிவாக எழுதப்பட்டுள்ள இந்நிலத்தில், சமைப்பது, துவைப்பது, நெல் அவிப்பது, சந்தைக்குப் போவது, நோன்பிருப்பது, உடம்பைப் பேணுவது ஆகியவற்றை எந்தக் கிழமையில் வைப்பது என்னும் வீட்டு ஒழுங்கின் வரலாறு அந்தப் பெரிய வரலாறுகளுக்குள் புதைந்தே கிடக்கிறது. அதைப் பிரித்தெடுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: இல்லத்தரசியின் வாரத்தை அவள் மட்டும் வகுத்ததில்லை, பனையும் சந்தையும் கோயிலும் சபையும் அரசும் தொழிற்சாலையும் தத்தமக்கென்று அவளிடம் நாள் கேட்டன, அவளுக்கென்று எஞ்சிய பொழுதை அவள் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

பனையின் பருவம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தென் திருவிதாங்கூரில், பனையேறும் குடும்பங்களின் பொழுதை நிர்ணயித்தது ஏழு நாள் வாரத்தைவிடப் பனையின் பருவமே. பாளையை நாள்தோறும் காலையும் மாலையும் மெல்லியதாகச் சீவிவிட்டால்தான் ஊறல் நிற்காமல் வரும் என்பதால், பருவம் தொடங்கியது முதல் முடியும் வரை ஆண் மரத்தை விட்டு விலக முடியாது. அவன் இறக்கிவரும் அக்கானி, அதாவது சுண்ணாம்பு தடவிய கலயத்தில் புளிக்காமல் சேர்ந்த பதநீர், அன்றைக்கே காய்ச்சப்படாவிட்டால் கெட்டுவிடும் என்பதால், பெண் அடுப்பை விட்டு விலக முடியாது. முற்பகலில் அடுப்பேறும் அக்கானி பல மணி நேரம் கொதித்துக் கூழ்ப்பதம் அடையும் வரை அவள் ஓலையும் மட்டையும் சருகும் இட்டுத் தீயைச் சீராக வைத்திருக்க வேண்டும். பொங்கி வழியும் தருணத்தில் நசுக்கிய ஆமணக்கு விதையைச் சிறிது போட்டு நுரையை அடக்க வேண்டும். பதம் வந்ததும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக உறைய விட வேண்டும். அந்த நெருப்பின் அருகிலேயே குழந்தையைப் பார்ப்பதும், விறகு சேர்ப்பதும், வீட்டாருக்குக் கஞ்சி வைப்பதும் நடந்தன. வீடே தொழிற்கூடமாக இருந்த இவ்வாழ்வில், வீட்டு வேலைக்கும் பிழைப்பு வேலைக்கும் இடையே கோடு எதுவும் இருக்கவில்லை.

இதே நிலையை வேறொரு தொழிலில் பாலராமபுரத்தில் காணலாம். நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில், 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மரின் காலத்தில் தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் நெசவாளர்கள் குடியேறினர். அவர் பெயரையே ஊரும் பெற்றது. பாவு, அதாவது நெசவுக்கு நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல், விடியற்காலைத் தெருவில் விரிக்கப்பட்டுக் கஞ்சிப் பசை ஏற்றப்படும்போது குடும்பமே தெருவில் நிற்கும். குறுக்கே ஓடும் ஊடைநூலைத் தார் என்னும் சிறு குழலில் சுற்றும் வேலையைப் பெண்கள் சமையலுக்கும் துவைப்புக்கும் நடுவே கிடைத்த இடைவெளிகளில் செய்து முடித்தனர். தறியின் கூலி தறியில் அமர்ந்தவர் பெயரில் எழுதப்பட்டது. தார் சுற்றிய பொழுது வீட்டு வேலையோடு வேலையாகக் கரைந்துபோயிற்று.

கிழமையும் நீராடலும்

பருவத்தின் இந்த ஓட்டத்துக்குள் சிறு நிறுத்தங்களைத் தந்தவை நோன்புகளும் நீராடல் நாட்களும் ஆகும். தமிழ் வழக்கில் ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியலுக்கு உரிய நாட்களாக வகுக்கப்பட்டிருந்தன. தேங்காயெண்ணெய் தாராளமாகக் கிடைத்த இப்பகுதியில் எண்ணெய் தேய்ப்பது அன்றாடத்துக்கும் உரியதாயிற்று என்றாலும், செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த வழுவழுப்பான தாளியைத் தலையில் தேய்த்து, ஆற்றிலோ குளத்திலோ மற்றப் பெண்களோடு நெடுநேரம் குளிக்கும் நாட்கள் தனியாகவே இருந்தன. துவைப்பும் குளியலும் ஒரே கரையில் நடந்ததால், வேலைக்கென்று புறப்பட்ட நேரமே ஓய்வாகவும் உறவாடலாகவும் மாறியது. திங்கட்கிழமை விரதம் சிவனுக்கும், வெள்ளிக்கிழமை அம்மனுக்கும் பகவதிக்கும் உரியவையாக அமைந்து, சமையலின் அளவையும் வகையையும் கிழமைக்கேற்ப மாற்றின. மார்கழித் திருவாதிரையும், நாஞ்சில் நாட்டில் ஆடிச் செவ்வாய்களில் பெண்கள் கூடிக் கொண்டாடும் ஔவையார் வழிபாடும், ஆண்டில் சில நாட்களையேனும் பெண்களின் கூட்டத்துக்கென்று ஒதுக்கின. மழை மிகுந்து வயல் வேலை குறையும் கர்க்கடக மாதத்தில் மருந்துக் கஞ்சி குடித்து உடலைத் தேற்றுவது கேரள மரபு. பிள்ளை பெற்றவளுக்கு மூலிகை வெந்நீர்க் குளியலும் மருந்தும் தருவது எல்லைக்கு இருபுறமும் பொதுவான மரபு.

இம்மரபுகளைப் பெண்ணுக்கு அன்று கிடைத்த முழுமையான நலவாழ்வாக எண்ணிவிடுவது பிழையாகும். மாதவிலக்கு நாட்களில் அடுக்களைக்கு வெளியே இருத்தப்பட்ட வசதியுள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு வேலையிலிருந்து கிடைத்த விடுப்பு, தீண்டத்தகாதவளாக ஒதுக்கப்படும் இழிவோடு சேர்ந்தே வந்தது. பனையடியிலும் வயலிலும் உழைத்தவளுக்கு அந்த விடுப்பும் கிடைக்கவில்லை. எண்ணெயும் மருந்தும் ஓய்வும் சாதிக்கும் சொத்துக்கும் ஏற்பவே பங்கிடப்பட்டன. 1936 நவம்பர் 12 அன்று வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை, கிழமை தவறாமல் விரதமிருந்த பெண்களில் பெரும்பாலோர் அந்தக் கிழமைக்குரிய அரசுக் கோயிலின் உள்ளே நுழைய முடியாதவர்களாகவே இருந்தனர்.

ஞாயிறு என்னும் உரிமை

இவ்வட்டாரத்தின் வாரத்தை ஆழமாக மாற்றியமைத்தது ஞாயிற்றுக்கிழமை. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த கிறிஸ்தவ மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்த காலத்தில், ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது ஊழியம் என்னும் கூலியற்ற கட்டாய வேலை சுமத்தப்பட்டிருந்தது. அரசுக்கும் கோயிலுக்கும் தேவைப்படும்போதெல்லாம், அரசு யானைகளுக்கு ஓலை கொடுப்பது முதல் சுமை தூக்குவது வரை, அழைத்த நாளில் போயாக வேண்டும். நாளைய பொழுது தன்னுடையதா என்று தெரியாத குடும்பத்தில் வாரத்தைத் திட்டமிடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது, ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் ஏழில் ஒரு நாளைத் தமதென்று முன்கூட்டியே சொல்லிக்கொள்ள வழி செய்த முதல் அரசாணைகளில் ஒன்று. 1840-களில் பாறசாலை தனி மிஷன் வட்டாரமாக உருவாகி, ஜான் ஆப்ஸ் போன்றோர் அங்கே தங்கிப் பணிபுரிந்தபோது, ஆராதனையும் ஞாயிறு பள்ளியும் கிராமங்களின் வார ஒழுங்கில் நிலைபெற்றன.

அந்த ஒரு நாள் மற்ற நாட்களையும் இழுத்துக் கட்டியது. ஞாயிறன்று வெளுத்த துணி உடுத்திப் போக வேண்டும் என்பதால் துவைப்பும் வீடு மெழுகுதலும் சனிக்கிழமைக்கு வந்தன. ஒவ்வொரு முறை உலையில் அரிசி இடும்போதும் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்துச் சேர்த்த பிடியரிசி சபைக்குக் காணிக்கையாகப் போயிற்று. வீட்டில் பணத்தின்மீது உரிமையில்லாத பெண், அடுக்களையில் தன் கைக்கு எட்டிய அளவைக் கொண்டே பொதுக் காரியத்துக்குப் பங்களித்த முறை இது. பெண்களுக்கு வாசிக்கக் கற்பித்த வேதாகமப் பெண்கள் என்னும் சபைப் பணியாளர்கள் வார நாட்களில் வீடுவீடாக வந்தனர். நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பின்னல் வேலை, அடிமைச் சிறுமிகள் சிலர் தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கும் அளவுக்கு வருவாய் தந்தது. 1855-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டு, 1859 ஜூலை 26 பிரகடனம் நாடார் பெண்கள் மேலாடை அணியத் தடை நீக்கியபோது, ஞாயிற்றுக்கிழமை உடுத்திச் செல்லும் குப்பாயம், அதாவது தைத்த மேற்சட்டை, பல பத்தாண்டுப் போராட்டத்தின் அடையாளமாகவும் நின்றது.

சபைக்கு வெளியிலும் இதே தன்மான உணர்வு வேர்விட்டது. சாமித்தோப்பில் வாழ்ந்த சமூகச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டரின் (1809–1851) வழியில் வந்தவர்கள், எழுநூறு குடும்பங்களாக வாகைப்பதியில் மேற்கொண்ட துவையல் தவசில், நாள்தோறும் நீராடுவதையும் உடுத்த துணியைத் தாமே துவைப்பதையும் தவமாகவே கடைப்பிடித்தனர். தென் திருவிதாங்கூரெங்கும் எழுந்த நிழல் தாங்கல் என்னும் வழிபாட்டிடங்களில் ஞாயிறு சிறப்பு வழிபாட்டு நாளாயிற்று. தூய்மை மேல்சாதிக்கு மட்டும் உரியது என்ற கருத்தை, துவைப்பு என்னும் வீட்டு வேலையைக் கொண்டே இவர்கள் உடைத்தனர்.

ஆயினும் ஞாயிறு தந்த ஓய்வு வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. பாளையின் ஊறல் கிழமை பார்த்து நிற்காது. அக்கானி ஞாயிறன்றும் புளிக்கும். உறவினர் வந்து உண்ணும் நாளாகவும், இறைச்சி சமைக்கும் நாளாகவும் ஞாயிறு வளர்ந்தபோது, வயலிலும் சாலையிலும் விடுப்புக் கிடைத்த அதே நாளில் அடுக்களையில் வேலை கூடியது. ஊழியத்துக்கு எதிராக எழுந்த ஓய்வுரிமைக் குரல் அடுப்பங்கரை வரை எட்டாமல் போனதே இவ்வட்டாரத்து வார வரலாற்றின் பெருங்குறை.

சந்தையும் கடலும்

சந்தை நாட்கள் வாரத்துக்கு மற்றொரு எலும்புக்கூட்டைத் தந்தன. இன்று மார்த்தாண்டம் எனப்படும் தொடுவெட்டியிலும், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, ஆறாலுமூடு ஆகிய இடங்களிலும் கூடிய சந்தைகளுக்குக் கருப்பட்டி, தேங்காய், வாழைக்குலை, மரச்சீனி எனப்படும் மரவள்ளிக் கிழங்கு, கோழி ஆகியவற்றைப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்று, மீனும் உப்பும் மிளகாயும் வாங்கித் திரும்பினர். அந்தப் பாதையே எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் புலையர் சமூகத்தில் பிறந்த அய்யங்காளி, 1893-இல் தடைசெய்யப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டியும், 1898-இல் ஆறாலுமூடு சந்தையை நோக்கித் தம் மக்களோடு நடந்து பாலராமபுரத்தில் மோதலைச் சந்தித்தும் பெற்றுத் தந்தது வழிநடை உரிமை. புலையர் வீட்டுப் பெண்ணுக்கு அது சந்தை நாள் என்ற ஒன்றையே வாரத்தில் புதிதாகச் சேர்த்தது.

சந்தை இல்லாத நாட்களில் பூவார், பொழியூர், கொல்லங்கோடு கடற்கரைகளிலிருந்து மீன்காரப் பெண்கள் ஓலைக் கடவங்களில் சாளையும் அயிலையும் நெத்தோலியும் சுமந்து உள்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தனர். கத்தோலிக்கர் வாழும் இக்கடற்கரைகளில் ஞாயிறன்று கடலுக்குப் போகாத வழக்கம் இருந்ததால், உள்நாட்டு இல்லத்தரசி சனிக்கிழமையே மீன் வாங்கிப் புளி கூட்டி மண்சட்டியில் வைத்துக்கொள்வதோ, கருவாட்டை நம்புவதோ வேண்டியிருந்தது. கடற்கரையின் ஓய்வு நாள் மலையடிவாரம் வரை சமையலைத் தீர்மானித்தது என்பது, இவ்வட்டாரத்து வீடுகள் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்திருந்தன என்பதற்குச் சான்று. புளியில் வெந்த மீன் மறுநாள் காலைப் பழஞ்சிக்கு, அதாவது முந்தைய இரவு நீரூற்றி வைத்த சோற்றுக்கு, துணையாகும். இரவில் ஒருமுறை அடுப்பு மூட்டினால் காலை வேலை பாதியாகக் குறையும் என்பதே இந்த உணவு முறையின் உள்ளார்ந்த திட்டம்.

1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. ஊரக மேம்பாட்டு மையம், தேனீ வளர்ப்பையும் நல்லினக் கோழி வளர்ப்பையும் முட்டைக் கூட்டுறவு விற்பனையையும் பரப்பியபோது, முற்றத்துக் கோழியின் வரவு ஒழுங்கான கணக்குக்கு வந்தது. கோழியும் முட்டையும் பெண்ணின் கைக்காசாகவே கருதப்பட்ட ஊர்களில், அக்கணக்கு அவள் தனக்கென்று எதையேனும் வாங்கத் திட்டமிடும் அடிப்படையாகவும் அமைந்தது.

கிழங்கும் ரேஷனும்

அரிசி உண்ணுவது பெருமையாகவும் கிழங்கு உண்ணுவது நிலையாகவும் இருந்த வீடுகளில் வார உணவுத் திட்டத்தைத் தாங்கியது மரச்சீனி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதன் சாகுபடியைத் திருவிதாங்கூரில் ஊக்குவித்தார். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கறுத்துக் கெட்டுவிடும் என்பதால், அன்றன்றைக்கு ஒரு மூடு பிடுங்குவதோ, மொத்தமாகப் பிடுங்கினால் சீவி, வேகவைத்து, வெயிலில் உலர்த்தி மழைக்காலத்துக்குச் சேமிப்பதோ இல்லத்தரசி எடுக்க வேண்டிய முடிவாயிற்று. கிழங்கில் இயல்பாக உள்ள நச்சுப் பொருள் வெளியேற, கொதித்த நீரை வடித்துவிட்டு மீண்டும் வேகவைக்கும் முறையும் அவள் அறிவில் அடங்கியதே. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, இறக்குமதியை நம்பியிருந்த திருவிதாங்கூர் கடும் பஞ்சத்தில் சிக்கியது; கிழங்கும் மீனும் கஞ்சியும் கொண்டு குடும்பத்தை ஏழு நாட்களும் நடத்திய பெண்கள், பெரும்பாலும் தாம் கடைசியில் உண்டு, குறைவாகவும் உண்டனர்.

1960-களின் உணவுத் தட்டுப்பாட்டில் மாநில எல்லை அரிசிக்கும் எல்லையாயிற்று. அரிசியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு வந்ததும், களியக்காவிளைச் சந்தையில் நேற்று வரை வாங்கிய அரிசி இன்று சாவடியில் தடுக்கப்படும் பொருளானது. கேரளத்தில் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களுக்கும் விரிந்த ரேஷன் முறையில் அரிசி வார அளவாகப் பங்கிடப்பட்டதால், ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும் நாள் புதிய வாரநாளாகச் சேர்ந்தது. வீட்டுக்கு வீடு நடந்த நெல் அவித்தல், உலர்த்தல், உரலில் குத்தல் ஆகிய வேலைகள் அரிசி ஆலைகளாலும் ரேஷன் அரிசியாலும் குறைந்தன. எடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையிலும் துலாமழை எனப்படும் வடகிழக்குப் பருவமழையிலும் அவித்த நெல்லை எப்படிக் காயவைப்பது என்ற பழைய கவலை போய், அட்டைக்கு இந்த வாரம் எவ்வளவு கிடைக்கும் என்ற புதிய கவலை வந்தது.

அண்டியாபீசும் அயல்கூட்டமும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எல்லையோரப் பெண்களின் நாளைக் கடிகார நேரத்தோடு கட்டியது முந்திரித் தொழிற்சாலை. மக்கள் வழக்கில் அண்டியாபீஸ். கேரளத்தில் முந்திரித் தொழிலாளர் கூலிச் சட்டங்கள் வலுப்பட்டபோது, கொல்லத்து உற்பத்தியின் ஒரு பகுதி கூலி குறைந்த தமிழ்நாட்டு எல்லைக்குள் நகர்ந்து விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் ஆலைகள் பெருகின. கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துக் கறுக்கச் செய்வதால், பெண்கள் விரல்களில் சாம்பல் பூசிக்கொண்டே வேலை செய்தனர்; அந்தக் கையால் வீடு திரும்பிச் சோறு பிசைய வேண்டியிருந்தது. வாரம் ஆறு நாள் ஆலை என்றானதும், துவைப்பும் வீட்டுத் தூய்மையும் சந்தையும் சபையும் உறவும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலேயே வந்து குவிந்தன.

1998 மே 17 அன்று தொடங்கப்பட்ட கேரள அரசின் வறுமை ஒழிப்புத் திட்டமான குடும்பஸ்ரீ, பத்து முதல் இருபது பெண்கள் வரை கொண்ட அயல்கூட்டம் என்னும் அண்டைவீட்டுக் குழுவை அடிப்படை அலகாக வைத்தது. உறுப்பினர் ஒருவரின் வீட்டில் வாரந்தோறும் கூடிச் சிறுசேமிப்பைப் பதிவது அதன் வழக்கம்; எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதற்கு இணையான பணியைச் செய்கின்றன. கடனும் சேமிப்பும் அதன் வெளிப்படையான பயன்கள் என்றால், குளக்கரையும் பெண்கள் கூட்டமும் முன்பு தந்த ஒன்றை, அதாவது வீட்டார் கேள்வி கேட்காமல் ஒரு பெண் வெளியே அமர்ந்து பேசும் பொழுதை, அது மீண்டும் வாரத்தில் பொறித்து வைத்தது அதைவிடப் பெரிய பயன். ஊரக வேலையுறுதித் திட்டத்தில் கேரளத்துத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களாக இருப்பதால், கூலி வேலை, கூட்டம், சமையல் ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் பொருத்துவது இன்றைய எல்லைக் கிராமத்துப் பெண்ணின் அன்றாடக் கணக்காகியுள்ளது.

வரலாறு சொல்லும் திட்டம்

2019-ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, இந்தியாவில் கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகக் கண்டது. மிக்சியும் கிரைண்டரும் எரிவாயு அடுப்பும் அம்மியையும் ஆட்டுரலையும் விறகையும் அகற்றிய பின்னும் இந்த வேறுபாடு நிற்பதற்குக் காரணத்தை இவ்வட்டார வரலாறே காட்டுகிறது. ஒரு வேலை எளிதாகும்போது மிச்சமான பொழுதைச் சந்தையோ பள்ளியோ ஆலையோ உடனே எடுத்துக்கொண்டது. பெண்ணுக்கென்று நின்ற பொழுதெல்லாம், ஞாயிற்று ஊழிய விலக்கைப் போலவும், சந்தை வழியைப் போலவும், அயல்கூட்ட நேரத்தைப் போலவும், பலர் சேர்ந்து வெளிப்படையாகக் கேட்டு, எல்லாரும் அறிய நிலைநாட்டப்பட்டவை.

ஆகவே, இல்லத்தரசியின் வாரத்தைத் திட்டமிடுவது என்பதை அவள் தனியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளும் வேலைப் பட்டியலாகச் சுருக்கிவிடலாகாது. சனிக்கிழமைத் துவைப்பும், மறுநாள் பழஞ்சிக்கான மீன் குழம்பும், மழைக்கு முன் உலர்த்திய கிழங்கும் காட்டும் திட்டமிடும் திறன் இவ்வட்டாரப் பெண்களிடம் தலைமுறைகளாகவே இருந்துவருகிறது. இல்லாமற்போனது, அவள் ஓய்வை வீட்டிலுள்ள மற்றவர்கள் மதிக்கக் கடமைப்பட்ட நேரமாக ஏற்கும் வழக்கமே. செவ்வாய், வெள்ளி நீராடலுக்கு முன்னோர் கொடுத்த உறுதியை அவளது இன்றைய ஓய்வுக்கும் உடல்நலத்துக்கும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை அடுப்பை வீட்டு ஆண்களும் ஏற்றால்தான், இருநூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் ஊழியத்துக்கு எதிராக வென்றெடுத்த அந்த ஓய்வு நாள் அடுக்களைக்குள்ளும் நிறைவடையும்.